உயிரற்ற பிறப்புப் பதிவேடு

ஆமாம்மா, என் கையெழுத்துதான். கொண்டாங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். இதுவும் என்னோடதுதான். இதுவும். தேதி போட்டு, சீல் வச்சு, பக்கத்துல சுருக்கொப்பம். ஒண்ணுலகூட சீல் சாயலை, பாருங்க. இப்ப இருக்கிற பிள்ளைங்க சீலைத் தலைகீழா வச்சுட்டுப் போகுதுங்க.

மொத்தம் பத்தொன்பது மனுவா? எண்ணிப் பாத்தீங்களா? நான் ஏதோ பத்துப் பன்னெண்டு இருக்கும்னு நினைச்சிருந்தேன்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. குருவம்மா மகளா நீங்க? நாகஜோதி. தெரியும்மா, பேரு ஞாபகம் இருக்கு. உங்க பேரைப் பதிவேட்டுல எழுதினதே நான்தானே. அம்மா எப்படி இருக்காங்க?

அடடா.

எப்ப? ரெண்டு மாசம் ஆச்சா? எனக்கு யாரும் சொல்லலையே. மூணு தெரு தள்ளித்தான் இருக்கேன், ஒருத்தர் சொல்லலை. சொல்லியிருந்தா வந்திருப்பேன். வந்து ஒரு மாலை போட்டிருப்பேன். நிச்சயமா வந்திருப்பேன்.

சரி, சொல்லுங்க. வாரிசுச் சான்றிதழா? அதுல என்ன சிக்கல்? ஒத்தப் பொண்ணு நீங்க, அப்பாவும் இல்ல. ஆதார் இருக்கு, அம்மாவோட இறப்புச் சான்று இருக்கு. வி.ஏ.ஓ. என்ன சொல்றாரு? 'பிள்ளைகள் எத்தனை'ங்கிற இடத்துல நீங்க ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க, அதனால திருப்பிட்டாரா? ரெண்டுன்னு எழுதினா அவர் கேக்கத்தானே செய்வார். ரெண்டாவது ஆள் எங்க, உயிரோட இருந்தா ஆதார் எங்க, இல்லைன்னா இறப்புச் சான்று எங்கேன்னு. அவர் மேல தப்பே இல்லை. ஒண்ணுன்னு எழுதிக் கொடுங்க, இன்னிக்கே முடிஞ்சிடும்.

எழுத மனசு வரலையா?

உங்க அம்மா பேசுற மாதிரியே இருக்கும்மா.

தெய்வானை! ரெண்டு காபி போடு. குருவம்மா மக வந்திருக்கு. என் வீட்டுக்காரிதான்மா.

நான் விவரமாச் சொல்றேன், கேளுங்க. உங்களுக்கும் ஒரு தெளிவு வரும். எண்பத்தேழுல நான் முனிசிபாலிட்டி ஹெல்த் செக்‌ஷன்ல பிறப்பு இறப்பு கிளார்க். மேசையில மூணு பதிவேடு இருக்கும். பிறப்பு ஒண்ணு, இறப்பு ஒண்ணு. மூணாவது ஒல்லியா ஒண்ணு, உயிரற்ற பிறப்பு. செத்தே பிறக்குதே, அதுங்களுக்கு. ஆஸ்பத்திரியில படிவம் எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்க. எந்தப் படிவம் வருதோ அந்தப் பதிவேட்டுல ஏத்தணும். அதுதான் என் வேலை. எனக்குத் தெரிஞ்சது காகிதம் மட்டும்தான்.

உங்க அம்மாவுக்கு வந்தது மூணாவது படிவம். பெண். ஏழாம் தேதி இல்ல, பொறுங்க, அக்டோபர் இருபத்தி மூணு. டாக்டர் கையெழுத்து சரியா இருந்துச்சு. ஏத்தினேன். அவ்வளவுதான்.

மூணு வாரம் கழிச்சு உங்க அம்மா வந்தாங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுறவங்கன்னு விரலைப் பாத்தாலே தெரியும், பசை காஞ்சு தோல் உரிஞ்சு கிடக்கும். பச்சை உடம்பு, காதுல பஞ்சு வச்சிருந்தாங்க. "சார், எம் மகளுக்குப் பிறப்புச் சர்டிபிகேட்டு வேணும், அப்படியே இறப்புச் சர்டிபிகேட்டும் வேணும்"னாங்க. நான் தேடிப் பாத்துட்டு, "அம்மா, இது உயிரற்ற பிறப்பு, இதுக்கு ரெண்டுமே வராது"ன்னேன்.

"அவ அழுதா சார்"னாங்க.

"டாக்டர் அப்படி எழுதலையேம்மா."

"டாக்டரு அங்கன இல்லவே இல்லையே. நாந்தான இருந்தேன். அவ அழுதா. வனஜான்னு பேரு வச்சிருக்கேன். எழுதிக்கோங்க."

அந்தப் பதிவேட்டுல பேருக்குன்னு கட்டமே கிடையாதும்மா. அச்சடிக்கிறவனே போடலை. நான் அதைத் திருப்பிக் காட்டினேன் அவங்களுக்கு. பாருங்க, தாய் பேரு, தகப்பன் பேரு, ஆணா பெண்ணா, அவ்வளவுதான், இதுல எங்க எழுதன்னு கேட்டேன். வேற கிளார்க்கா இருந்தா காட்டியிருக்க மாட்டான். நான் தண்ணிகூடக் கொடுத்தேன். குடிச்சுட்டு, பதிவேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு மனு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. இந்தா, இதுதான் முதல் மனு. 

அடுத்த ஐப்பசியில வந்தாங்க. அதுக்கு அடுத்த ஐப்பசியிலயும். வருஷம் தப்பலை. சத்தம் போட மாட்டாங்க, சண்டை கிடையாது. வரிசையில நின்னு, மனுவைக் கொடுத்து, நகல்ல சீல் வாங்கிட்டுப் போயிருவாங்க. நடுவுல மூணு வருஷம் என்னை வரி செக்‌ஷனுக்கு மாத்தினாங்க. அங்கயும் வந்து நின்னாங்க. "இங்க இல்லம்மா, கீழ ஹெல்த் செக்‌ஷன்ல கொடுங்க"ன்னா, "எழுதுனது நீங்கதான சார்"ம்பாங்க. கடைசியில நானே வாங்கிச் சீல் வச்சுக் கீழ அனுப்புவேன். 

உங்க அப்பா ஒரு தடவை தனியா வந்தார், பாவம். லாரி ஷெட்டுல வேலை பாத்த கையோட. "கோவிச்சுக்காதீக சார். அவளுக்குப் பிள்ளை போனதுல இருந்து கொஞ்சம் மனசு சரியில்ல. வந்தா வாங்கி வச்சுக்கோங்க, போதும்"னு சொல்லிட்டுப் போனார். எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு. அப்படின்னா மனசுக் கோளாறுதான், வேற ஒண்ணும் இல்லைன்னு.

மனுவுல 'எதற்காகத் தேவை'ன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க. அதை மட்டும் ரொம்ப வருஷம் நான் படிக்கலைம்மா. மத்ததெல்லாம் படிப்பேன். அஞ்சாவது வருஷம் என்ன எழுதியிருக்கு? படிங்க. 'பள்ளியில் சேர்க்க.' அப்புறம் இது, 'பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு.' இது வந்த அன்னிக்குத்தான் படிச்சேன். "என்னம்மா இது, இல்லாத பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?"னு கேட்டேன். உங்க அம்மா நிதானமாச் சொன்னாங்க: "காரணம் எழுதாட்டி வாங்க மாட்டோம்னு நீங்கதான சார் சொன்னீக. உள்ள காரணத்தை எழுதினா அது நடக்காதுன்னு சொல்றீக. அதான் அவ வயசுக்கு என்ன காரணமோ அதை எழுதுறேன்."

எனக்கு அப்ப அறுபது எழுபது பேர் வரிசையில நிக்கிறாங்க. என்ன செய்ய? சீல் வச்சுக் கொடுத்தேன்.

நடுவுல நீங்க பிறந்தீங்க, தொண்ணூறுல. உங்க படிவம் வந்த அன்னிக்கே ஏத்தி, சர்டிபிகேட் எழுதி வச்சேன். வந்தா காக்க வைக்கக் கூடாது, கையில கொடுத்து அனுப்பணும், சந்தோஷமாப் போகட்டும்னு. நல்ல எண்ணத்துலதான். உங்க அம்மா வந்தாங்க, உங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு. பதிவேட்டுல ஒரு கட்டம் உண்டு, 'தாய்க்கு இதுவரை உயிரோடு பிறந்த குழந்தைகள் மொத்தம்'னு. இதையும் சேர்த்து எத்தனைன்னு போடணும். அதை மட்டும் எழுதாம வச்சிருந்தேன், கேட்டுட்டு எழுதலாம்னு.

"எத்தனைம்மா?"ன்னேன்.

"ரெண்டு"ன்னாங்க.

நான் பேனாவை எடுத்தேன். அவங்க குனிஞ்சு பேனா நுனியவே பாத்தாங்க. ஒண்ணுன்னு எழுதினேன். வேற எப்படிம்மா எழுத முடியும்? பக்கத்து ரூம்ல இருக்கிற எண்பத்தேழாம் வருஷப் பதிவேடு வேற சொல்லுதே. ரெண்டு பதிவேடும் ஒத்துப் போகணும்ல. அவங்க உங்க தலைமுடியைக் கோதிவிட்டுட்டு, "இவளுக்கும் நீங்கதான் சார் எழுதுறீக"ன்னாங்க. அதை அவங்க நன்றியாச் சொன்னாங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.

காபி குடிங்க. ஆறிடும்.

கடைசியா வந்தது ரெண்டாயிரத்து அஞ்சுல. நான் ரிட்டையர் ஆக ஆறு மாசம். இதோ, பத்தொன்பதாவது. 'வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க.' அன்னிக்கு தனியா வரலை. கூட ஒரு கிழவி. பிரசவ ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்த சவரியம்மாள். வேலையை விட்டுப் பத்து வருஷம் இருக்கும், கண்ணுல புரை. உங்க அம்மாதான் எங்கெங்கயோ தேடி, மக வீட்டுல இருந்ததைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தாங்க.

சவரியம்மாள் சொன்னது இதுதான். தீபாவளி முடிஞ்ச வாரம் அது. டாக்டரம்மா ஊருக்குப் போயிட்டு திரும்பலை. நர்ஸும் இவளும்தான். பிள்ளை பிறந்து அழுதிருக்கு. நர்ஸ் பிறப்புப் படிவம் எடுத்துப் பாதி எழுதியும் விட்டுச்சு. அப்புறம் மூச்சு வாங்கியிருக்கு பிள்ளைக்கு. முக்கால் மணி நேரம். போயிருச்சு. டாக்டரம்மா சனிக்கிழமை வந்து பாத்துட்டு, உயிரோட பிறந்து செத்துச்சுன்னு போனா எங்க போயிருந்தேன்னு விசாரணை வரும்னு, அந்தப் படிவத்துல குறுக்குக் கோடு போட்டுட்டு வேற படிவத்துல கையெழுத்துப் போட்டாங்க.

நான் விதியை எடுத்துச் சொன்னேன். பதிவேட்டுல ஏறினதைத் திருத்தணும்னா, விவரம் நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேர் எழுதிக் கொடுக்கணும். ரெண்டு பேர். அது நான் போட்ட விதி இல்லை. "சவரியம்மா ஒரு ஆள். சரி. இன்னொரு ஆள் எங்கம்மா?"ன்னு கேட்டேன். நர்ஸு அப்பவே செத்துப்போச்சு. டாக்டரம்மா எந்த ஊர்லயோ. உங்க அம்மா சாட்சியில சேர்த்தி இல்லை, மனுதாரர்.

சவரியம்மாள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "சார், அந்தப் பிள்ளை அழுதது நெசம். நீங்களும்..."னு ஆரம்பிச்சா. நான் "வரிசை நிக்குதும்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னுட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன். சீல் வச்சேன். அதோட உங்க அம்மா வரலை.

வராம இருந்தது எனக்கு நிம்மதின்னு நினைச்சேன். ஆனா பாருங்க, ரிட்டையர் ஆன முதல் ஐப்பசி, காலையில குளிச்சு சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். தெய்வானை கேக்கிறா, "யாரு வரப்போறா?"ன்னு. யாரும் வரலைன்னேன்.

உடம்பு நல்லாத்தான் இருக்கு. காது மட்டும் ஒரு தொந்தரவு. பச்சைக் குழந்தை அழுற சத்தம் ஆகாது எனக்கு. நரம்பு பலவீனம்னு டாக்டர் சொன்னார். டாக்டர்கிட்ட நான் முழுசாச் சொல்லலை, அது வேற. மாடியில ஒரு வாத்தியார் குடும்பம் குடியிருந்துச்சு, தங்கமான மனுஷங்க. அந்தப் பொண்ணு பிள்ளை பெத்து வந்தது. பதினெட்டாம் நாள் காலி பண்ணச் சொல்லிட்டேன். தெய்வானை ஒரு மாசம் என்கூடப் பேசலை. மாடி இப்பவும் பூட்டித்தான் கிடக்கு. பூட்டிக் கிடந்தும் சில நாள் மத்தியானம் கேக்கும். பூனையா இருக்கும்.

அது என்ன, அந்தக் கவருக்குள்ள? அதையும் பாக்கணுமா? கொடுங்க.

நோட்டரி சீல் போட்டிருக்கு. ரெண்டாயிரத்து அஞ்சு நவம்பர். சவரியம்மாள் கைநாட்டா? அப்ப என்கிட்ட வந்துட்டுப் போன அடுத்த வாரமே எழுதி வாங்கியிருக்காங்க. ஏன் ஆபீஸ்ல கொடுக்கலை? சரி, கொடுத்திருந்தாலும் ஒரு ஆள்தான்னு நான் திருப்பியிருப்பேன். படிக்கிறேன், இருங்க.

'சவரியம்மாள் ஆகிய நான் என் முழு மனதோடு எழுதிக்கொடுப்பது என்னவென்றால், மேற்படி தேதியில் பகல் சுமார் ஒரு மணிக்கு குருவம்மாளுக்குப் பெண் குழந்தை உயிருடன் பிறந்தது. குழந்தை நன்றாகச் சத்தம் போட்டு அழுதது. நான் வெளியே வந்து, பெண் குழந்தை என்று சொன்னேன். அப்போது வராண்டாவில்...'

'அப்போது வராண்டாவில்...'

நீங்க இதைப் படிச்சுட்டுத்தான் வந்தீங்களாம்மா?

வாசல்ல ஏறும்போதே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை இவ்வளவு நேரம் பேசவிட்டீங்களா? 'கையெழுத்து உங்களோடதா?'ன்னு மட்டும்தானே கேட்டீங்க.

அம்மாவுக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா வரலை? இத்தனை வருஷமா? இந்த வீடு தெரியுமே அவங்களுக்கு, ரேஷன் கடைக்குப் போறப்ப இந்த வழியாத்தான் போவாங்க, நானே பாத்திருக்கேன், நின்னு பாக்காமப் போவாங்க. ஏன் கேட்கலை? ஒரு தடவை கதவைத் தட்டி...

என்ன சொன்னாங்க?

திரும்பச் சொல்லுங்க.

'கேட்டா எழுதித் தருவாருன்னா அன்னிக்கே தந்திருப்பாரு. அந்த சாருக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்.'

தெய்வானை. இங்க வா. அடுப்பை அணைச்சிட்டு வா. கதவுக்குப் பின்னால நின்னது போதும், வந்து உக்காரு. நீயும் கேளு.

வெள்ளிக்கிழமை அது. வாராவாரம் வெள்ளிக்கிழமை நான்தான் சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வாரப் படிவத்தை எல்லாம் வாங்கிட்டு வருவேன். நர்ஸ் உள்ள பிரசவத்துல இருந்துச்சு. வராண்டாவுல பெஞ்சு இருந்தும் நான் உக்காரலை, தூணுக்குப் பக்கத்துல நின்னேன். உள்ள உங்க அம்மா கத்தினது நின்னுச்சு. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பிள்ளை அழுதுச்சு. நல்லா, ஓங்கி. சவரியம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டி, "பொம்பளப் பிள்ளை சார், உங்க நோட்டுல ஒண்ணு கூடிப்போச்சு"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். நர்ஸ் வர நேரமாகும், திங்கக்கிழமை தபால்ல அனுப்பிடுறோம்னா. சரின்னுட்டுக் கிளம்பிட்டேன்.

திங்கக்கிழமை தபால் வந்துச்சு. உயிரற்ற பிறப்புப் படிவம். அதுக்குப் பின்னால குண்டூசி குத்தி இன்னொண்ணு, கோடு போட்ட பிறப்புப் படிவம். எடுக்க மறந்து அனுப்பிட்டாங்க. ரெண்டுலயும் ஒரே பேர், குருவம்மாள். நான் அரை மணி நேரம் அதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேக்கலாம். போன் இருக்கு மேசையில. கேட்டா, நீ எப்படிச் சொல்றேன்னு வரும். அழுத சத்தம் என் காதுல விழுந்துச்சுன்னு சொன்னா, காதால கேட்டதை எழுதுற கிளார்க்கா நீன்னு வரும். டாக்டர் கையெழுத்து இருக்கு. எனக்கு என்ன? குண்டூசியை உருவி, பின்னால இருந்ததைக் கிழிச்சுக் கூடையில போட்டேன். முன்னால இருந்ததை எடுத்து ஏத்தினேன். அன்னிக்கு என் எழுத்து வழக்கத்தைவிட நல்லா வந்திருந்துச்சும்மா. பதிவேடு இப்பவும் இருக்கும், போய்ப் பாருங்க.

மூணு வாரம் கழிச்சு உங்க அம்மா என் முன்னால நின்னு 'அவ அழுதா சார்'னாங்க. அப்பவே சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் சொல்லலை, ரெண்டாவது வருஷம் எப்படிச் சொல்றது? முதல் வருஷம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களே. அப்படியே பத்தொன்பது.

அழாதீங்கன்னு நான் சொல்ல முடியாது. தெய்வானை, நீ ஏன் அழுற? சரி. அழு.

ஒரு வெள்ளைத்தாள் இருக்கா? கோடு போட்டது வேண்டாம். விதிப்படி ரெண்டு பேர். ஒருத்தர் எழுதிக் கொடுத்தாச்சு. இன்னொருத்தர் நான் எழுதுறேன். என் எழுத்துலதான் இருக்கணும். நாளைக்குக் காலையில நானே உங்ககூட ஆபீசுக்கு வர்றேன். முனிசிபாலிட்டியில திருப்பினா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவோம். படிவத்தைக் கிழிச்சதையும் எழுதுவேன். பென்ஷனை நிறுத்தினா நிறுத்தட்டும். முதல்ல பிறப்பு ஏத்தணும், பேரோட. அப்புறம் இறப்பு. ரெண்டு சான்றும் வந்த பிறகு வி.ஏ.ஓ.கிட்ட நீங்க எழுதினபடியே கொடுங்க.

பேரு வனஜாதானே? ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழி 'ண'வா, உங்க அம்மா எப்படி எழுதியிருக்காங்கன்னு மனுவுல பாத்துச் சொல்லுங்க. தப்பா எழுதிடக் கூடாது.

தேதி எழுதிட்டேன். பிறந்த நேரம், பகல் ஒரு மணி சுமார். சவரியம்மாள் எழுதின மாதிரி 'முக்கால் மணி நேரம் உயிரோடு இருந்தது'ன்னு என்னால எழுத முடியாதும்மா. எனக்கு நேர்ல தெரிஞ்சதை மட்டும்தான் நான் எழுதணும். சைக்கிளை எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டினேன், ரோட்டுல ஏறினேன், அப்பவும் பிள்ளை அழுதுக்கிட்டுதான் இருந்துச்சு. அது நின்னதை நான் கேக்கவே இல்லை.